மூன்று விரல் படி

ஈரம் இன்னும் போகவில்லை. மாணிக்கம் குனிந்து விரலை நீட்டினார், தொடாமலே இழுத்துக்கொண்டார். தொட்டால் தடம் விழும் என்று கொத்தனார் மீரான் பாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சந்தின் எதிர்ப்பக்கம் சாக்கடைக் கல்லின் மேல் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு மறுபடி போய் உட்கார்ந்தார். காவல். கோழி ஏறக் கூடாது, நாய் மிதிக்கக் கூடாது, பந்து வந்து விழக் கூடாது. காலையில் வைத்த படி. செங்கல்லைப் பாதியாக உடைத்து வரிசையாக வைத்து மேலே சிமெண்ட் பூசி, மூன்று விரல் உயரம், அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை, அவரே விரலை வைத்து அளந்து பார்த்துத்தான் விட்டார். இருந்தாலும் அது படிதான். திண்டுக்கல் தோல்ஷாப்புத் தொழிலாளிகளுக்கு ஆயுசு முழுக்கச் சங்கம் நடத்திய சூசைமாணிக்கத்தின் வீட்டுக்குப் படி வந்துவிட்டது. வரட்டும். சாயங்காலம் பெண்டாட்டி லூர்து வருகிறாள். யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தை வயிற்றில் வாங்கிக்கொண்டு, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, மகள் செல்வியோடு வேனில் வருகிறாள். அவளுக்கு முன்னால் தூசி உள்ளே போய்விடக் கூடாது. சாக்கடைத் தண்ணி போய்விடக் கூடாது, பெருச்சாளி போய்விடக் கூடாது, அவருடைய கொள்கை போய்விடக் கூடாது. கடைசியாக வந்த வார்த்தை அவருக்கே சிரிப்பை மூட்டியது. சிரித்ததில் தொண்டைக்குள் என்னவோ நமநமவென்றது. சிமெண்ட் தூசி. சிமெண்ட் தூசியாகத்தான் இருக்கும். காலையிலிருந்து மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் குழைத்த இடத்திலேயே நின்றால் யாருக்குத்தான் நமநமக்காது. எச்சிலை விழுங்கினார். விழுங்கும்போது ஒரு பக்கம் லேசாக வலித்தது. வலிக்கவில்லை. வலித்தது. துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு படியைப் பார்த்தார்.

அந்த டாக்டரம்மாவுக்கு வயது செல்வியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்து படுத்திருக்க, இந்தப் பக்கம் இவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னது அந்தப் பெண். உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குங்கய்யா, வெளியாள் யார் வந்தாலும் அடிச்சு வெளிய தள்ளிரும், இப்ப வந்திருக்கிற கிட்னியும் அதுக்கு வெளியாள்தான், நல்லது செய்ய வந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது, அதனால மாத்திரை குடுத்துக் காவலைத் தூங்க வச்சிருக்கோம், காவல் முழிச்சா வந்தவரை விரட்டிரும், காவல் தூங்குனா கிருமி சும்மா விடாது, அதனால இனிமே அம்மா உடம்புக்குப் பதிலா உங்க வீடுதான் காவல் காக்கணும். ஆகா என்று கையைத் தட்டப் போனார் மாணிக்கம். எத்தனை மேடையில் எத்தனை பேர் மூச்சு வாங்கப் பேசியும் சொல்ல முடியாததை இந்தப் பெண் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொல்லிவிட்டாள். லூர்து தன் உடம்புக்குள் படியை எடுத்துவிட்டாள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, என்ன ஆட்கள், சர்ச்சா கோயிலா பள்ளிவாசலா, ஆணா பெண்ணா, ஒன்றையும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. வா, உட்கார் என்று வயிற்றுக்குள் இடம் கொடுத்துவிட்டாள். கொடுத்த வீட்டார் மட்டும் கேட்டார்களா? தங்கள் பிள்ளை யார் உடம்புக்குள் போகப் போகிறது என்று? தோல்ஷாப்புக்காரன் பெண்டாட்டிக்கா, அப்படியானால் வேண்டாம் என்று சொன்னார்களா? விபத்து என்று மட்டும் காதில் விழுந்தது. அன்றைக்கு அந்த நீளமான வராந்தாவில் ஒரு அம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளாக இருக்கலாம். அவளுக்குப் பக்கத்தில் கைலியோடு தரையில் குந்தியிருந்த ஆளாகவும் இருக்கலாம். யாரென்று தெரியாததால் எல்லோரையும் கும்பிட வேண்டியிருந்தது. முதலாளியைக் கும்பிடாதவர், மந்திரியைக் கும்பிடாதவர், கையைத் தூக்கினால் முஷ்டியாகத்தான் தூக்கியவர், அந்த வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெஞ்சோடு கையைச் சேர்த்துவைத்துக்கொண்டு நடந்தார். சாமியாருக்கு என்னமோ வேண்டுதல் என்று ஒரு கிழவி ஒதுங்கி வழிவிட்டாள். விடட்டும். இன்றைக்கும் யார் முகத்தைப் பார்த்தாலும் அந்த நினைப்பு வருகிறது. பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்ட கண்டக்டர் முகத்தில்கூட. இவனுடைய தம்பியாக இருந்தால்? சண்டையை விட்டுவிட்டார். அவர் சண்டையை விட்டது சங்கத்தில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் நம்ப மாட்டார்கள். சங்கம்தான் எங்கே இருக்கிறது. கூட நின்றவர்கள் கார் வாங்கினார்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள், இவர் சந்தைத் தாண்டும்போது ஹாரன் அடித்தார்கள். ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பெயர் தெரியாத ஒரு பிணம் வந்தது. சீ, பிணம் என்ன பிணம். ஆள். ஆள் வந்தது. ஆள் வந்து அவள் வயிற்றில் உட்கார்ந்து இரவும் பகலும் வேலை பார்க்கிறது, லீவு கேட்காமல்.

மறுபடி நமநம. கனைத்தார். கனைப்பு இருமலாக மாறப் பார்த்தது, பல்லைக் கடித்து அடக்கினார். எதிர்வீட்டு மரிய புஷ்பத்தின் கோழி ஒன்று கழுத்தை வெட்டி வெட்டிப் படியை நோக்கி நடந்தது. சூ என்றார். நின்று ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. படியைத் தாண்டிப் போவது அதற்குப் பழக்கம் இல்லை, இத்தனை காலம் சமதளமாகத்தானே போய் வந்துகொண்டிருந்தது. படியைப் பார்த்தால் சின்ன வயசில் அப்பாவோடு போய் நின்ற பெரிய வீட்டுப் படிதான் ஞாபகம் வரும். எந்தப் படியைப் பார்த்தாலும், பேங்க் படியானாலும் பஸ் படியானாலும். அது மரப் படி, தேய்ந்து நடுவில் குழி விழுந்தது, பித்தளைப் பூ அடித்தது. இவருக்கு அப்போது அந்தப் பூ கண்ணுக்கு நேராக இருந்தது, ஏனென்றால் இவர் தெருவில் நின்றார், படி மேலே இருந்தது. மழை. கூரை வெளியே நீண்டிருந்தது, அதற்கு அடியில் நிற்க அனுமதி இல்லை. அப்பா தான் தைத்த தோல்பையைத் தலையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார், கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற பெரிய பை, எருமைத் தோலைப் பதம் பண்ணி வாரால் இழுத்துத் தைத்தது, அதற்குள் அப்பாவும் இவரும் நனையாமல் நின்றார்கள். பையைத் தெருவில் வை என்றார்கள். வைத்தார். கூலியை வெற்றிலையோடு படிமேல் வைத்தார்கள். எடுத்தார். எடுக்கும்போது அப்பாவின் விரல் நுனி படியில் பட்டது. ஒரு நுனி. திரும்பி நடக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது, சளார் என்று. இவர் திரும்பிப் பார்த்தார், அப்பா பார்க்கவில்லை. ஒரு அம்மா சொம்பால் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு மழை பெய்கிறது, அதற்கு மேல் ஒரு சொம்பு. அந்தத் தண்ணீர் எந்தப் பையில் இறைத்த தண்ணீர்? அப்பா போன வருஷம் தைத்துக் கொடுத்த பையில் இறைத்த தண்ணீர்! மேடையில் இந்த இடத்தில் கூட்டம் எப்போதும் கை தட்டும். சின்னாளப்பட்டியில் தட்டியது, நிலக்கோட்டையில் தட்டியது, பேகம்பூர் முக்கில் தட்டியபோது ஒரு கிழவர் அழுதேவிட்டார். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் சுவரில் ஒட்டுகிற நோட்டீசைப் பார்த்துத்தான் இவர் எழுத்தே கற்றார், முதலில் கற்ற வார்த்தை அனைவரும் என்பது, இரண்டாவது வாரீர். அந்த வார்த்தைகளைக் கொண்டுதான் பிறகு இதையும் எழுதி நோட்டீஸ் போட்டார். கைதட்டல் நின்ற பிறகு, மைக்கை அணைத்த பிறகு, அந்தச் சளார் மட்டும் திரும்ப வரும். லூர்து குடத்தைக் கவிழ்த்தால் வரும். யாரோ வாசல் தெளித்தால் வரும். அப்போதெல்லாம் மாணிக்கம் சந்தில் இறங்கி வேகமாக எங்காவது நடந்துவிடுவார், டீக்கடைவரைக்கும்.

அதனால்தான் வீடு கட்டும்போது சொன்னார், பாய், நிலைக்கு அடியில படி வேணாம். தெருத் தரையும் வீட்டுத் தரையும் ஒண்ணா இருக்கணும், தெருவே நடந்து உள்ள வரணும். மீரான் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தெரு நடந்து வராதுய்யா, சாக்கடைதான் நடந்து வரும். வரட்டும் பாய். பூட்டு செய்யிற ஊர்ல ஒருத்தன் படியில்லாத வீடு கட்டுறான், உனக்குக் கதவு எதுக்கு, அதையும் விட்டுரு. கதவு இருக்கட்டும், லூர்து திட்டுவா. அப்ப படி இல்லேன்னா திட்ட மாட்டாளாக்கும். திட்டவில்லை அவள், அப்போது. வீடு குடிபோன அன்றைக்கு இவர் போட்ட நோட்டீசைப் படித்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள், அவ்வளவுதான். பிறகு பெருக்கினாள். காலையில் பெருக்கினாள், பதினோரு மணி வெயிலில் பெருக்கினாள், தோல்ஷாப்பு லாரி போன பிறகு பெருக்கினாள், மழை பெய்தால் முறத்தால் சாக்கடையை அள்ளி வெளியே வீசினாள். யூரியா மூட்டைச் சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாள், இவர் கூட்டத்திலிருந்து வந்து அதைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனார். ஒரு நாள் மட்டும், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோபமே இல்லாமல், உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். உங்க கொள்கையைத் தினம் நான்தாங்க பெருக்கி அள்ளுறேன். மாணிக்கம் அதற்கு எத்தனையோ பதில் வைத்திருந்தார், உழைப்பைப் பற்றி, ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி, அதில் இரண்டு நோட்டீசாகவே வந்திருக்கிறது. அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். இத்தனை தோழர்கள் வந்து போனார்கள், சகதிக் காலோடு, பீடியோடு, பசியோடு. யாரையும் நில் என்று அவள் சொன்னதில்லை. படி இல்லாத வீடு என்று பேர் வாங்கினது இவர். படி இல்லாமல் வீட்டை வைத்திருந்தது அவள். இது நல்ல வரி. இதை யாராவது அச்சடித்தால் பரவாயில்லை. இனிமேல் யார் அச்சடிப்பது. செல்லில் அனுப்புகிறார்கள், பசை வேண்டாம், சுவர் வேண்டாம்.

செல் அடித்தது. செல்வி. விடுதலைச்செல்வி என்று பேர் வைத்தது இவர், செல்வி என்று மட்டும் கூப்பிடுவது ஊர். “அப்பா, கொடைரோடு தாண்டிட்டோம். வீட்டைத் துடைச்சிட்டீங்களா?” துடைச்சாச்சு, லைசால் போட்டு மூணு தடவை. “தலையணை உறை?” வெந்நீர்ல போட்டுக் காயவச்சாச்சு. “யாரையும் வரச் சொல்லாதீங்க. மாலை, வேட்டு, கோஷம் ஒண்ணும் வேணாம்.” யாரு வரப் போறா. “உங்களுக்குச் சளி இருமல் ஏதும் இல்லையே?” மாணிக்கம் படியைப் பார்த்தார். கோழி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? வெளியே நில் என்பாள். இந்த வாசலில், என் வாசலில், நான். லூர்துவுக்குக் கை கொடுத்து உள்ளே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சைகையாலே சொன்னார், அவளும் சைகையாலே சரி என்றாள், மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. “ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்.” செல்லை வைத்ததும் தொண்டை பழிவாங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். இருமி முடித்துத் தலையைத் தூக்கினால் மீரான் பாய் நிற்கிறார், கையில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

“என்னா மாணிக்கம், காவல்காரனுக்கே ஆகாமப் போச்சா?”

“சிமெண்ட் தூசி பாய்.”

“நான் அம்பது வருஷமா சிமெண்ட்ல பொரண்டவன். இது தூசி இருமலா, சளி இருமலான்னு எனக்குத் தெரியாது பாரு.” குடத்தைக் கீழே வைத்தார். “இந்தா, மேப்பூச்சு இறுகிருச்சு, படிக்குத் தண்ணி விடு. வெயில் பட்டா வெடிச்சுரும். மெதுவா ஊத்து, கூட்டத்துல பேசுற மாதிரி ஊத்தாத.”

“நீங்களே ஊத்துங்க.”

“உன் படி. நீ ஊத்து.”

மாணிக்கம் குடத்தைத் தூக்கினார். ஒரு கையைப் படியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு குனிந்தார், இடுப்பு பிடித்தது. சாய்த்தார். சளார். கை நின்றுவிட்டது. அதே சத்தம், ஒரு இழைகூட மாறவில்லை, படியில் விழுந்து உடைந்து இரண்டு பக்கமும் ஓடுகிற அதே சத்தம். டீக்கடைக்குப் போக வேண்டும் போல இருந்தது. மெதுவா, மெதுவா, என்றார் பாய். பாதிக் குடத்திலேயே நிமிர்ந்துவிட்டார்.  பாயும் பேகம்பூர்க் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்தான். மிச்சத் தண்ணீரைத் தானே வாங்கி, கையால் அள்ளி அள்ளித் தெளித்தார், குழந்தைக்குத் தலை நனைக்கிற மாதிரி, சத்தமே வராமல். பிறகு சாக்கின் இன்னொரு முனையில் உட்கார்ந்தார். “சளி போற வரைக்கும் என் வீட்டு மாடியில வந்து படு. பேரன் மெட்ராஸ் போயிட்டான், கட்டில் சும்மாத்தான் கெடக்கு.” நான் ஏன் பாய் உங்க வீட்டுல படுக்கணும், எனக்கு வீடு இருக்கு. “இருக்குல்ல, அதான் சொல்றேன்,” என்றார் பாய்.  காரமான மனிதர், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். மாணிக்கத்துக்கு அது தெரிந்ததில்லை.

காவல் தூங்குகிறது. அவள் உடம்பில் காவல் தூங்குகிறது. வெயில் சந்தின் பாதிக்கு ஏறியது, சாக்கடையில் எதுவோ குமிழியிட்டது, அந்த நினைப்பு மட்டும் போக மறுத்துத் திரும்பத் திரும்ப வந்து அதே இடத்தில் இடித்தது. கதவு திறந்து கிடக்கிறது அவளுக்குள். யார் வேண்டுமானாலும் போகலாம், இந்தத் தொண்டையில் உட்கார்ந்து நமநமக்கிறதே, அதுவும் போகலாம். இருக்கிற ஒரே காவல் நான். காவல் உள்ளே போகக் கூடாது என்றால் போகக் கூடாது. ஆனால் ஒரு நிமிஷம், மாஸ்க் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் கொடுத்தால்? கையில் என்ன இருக்கிறது. கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள் டாக்டரம்மா. ஒரு ஆளை வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஆயிரம் மேடையில் பேசினாயே. ஆமாம், பேசினேன். அது வேறு. எப்படி வேறு? சொல்லு, மைக்கைப் பிடித்துச் சொல்லு. அங்கே அவர்கள் பயந்தது எதற்கு? இல்லாத ஒன்றுக்கு. அப்பாவின் விரலில் ஒன்றும் இல்லை, வேப்பெண்ணெய் வாசனையைத் தவிர. என் தொண்டையில் இருக்கிறது. இவ்வளவுதானே, இதைச் சொல்ல இத்தனை நேரமா மாணிக்கம்? சொல்லிவிட்டாலும் கால் நம்பவில்லை. கால் அந்த மழையிலேயே நின்றது. அங்கே ஒரு பையன் தோல்பைக்கு அடியில் நின்றுகொண்டு, நான் பெரியவனானால், நான் பெரியவனானால் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு யார் போய்ச் சொல்வது.

வேன் சந்துக்குள் வராது, முக்கிலேயே நின்றது. செல்வி முதலில் இறங்கினாள், பிறகு பை, பிறகு இன்னொரு பை, பிறகு லூர்து. இளைத்திருந்தாள். மாஸ்க் முகத்தை முழுங்கியிருந்தது. ஆனால் கால் வீக்கம் இல்லை, வருஷக்கணக்கில் யானைக்கால் மாதிரி இருந்த கால், செருப்புக்குள் சின்னதாக, கல்யாணத்தன்று பார்த்த கால் மாதிரி இருந்தது. மாணிக்கம் அந்தக் காலையே பார்த்தார். நன்றி, நன்றி என்று வாய்க்குள் சொன்னார், யாருக்கென்று இல்லாமல், எல்லோருக்கும், ஹெல்மெட் அம்மாவுக்கு, கைலிக்காரருக்கு, டாக்டர் பெண்ணுக்கு, கண்டக்டருக்கு. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து வாசலில் நின்றாள். கீழே பார்த்தாள்.

“என்னங்க இது?”

“படி.”

“இத்தனை வருஷம் கேட்டேன், காதுல விழல. வயித்தைக் கிழிச்சாத்தான் படி வப்பீகளா?” குரல் மெலிசாக இருந்தாலும் அதே குரல். பாய் சிரித்தார். லூர்து கையை நீட்டினாள். “வாங்க. கையைக் குடுங்க. உள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீகள்ல.”

மாணிக்கம் எழுந்தார். எழுந்து பின்னால் நகர்ந்தார். சாக்கடைக் கல்லைத் தாண்டி, சுவர்வரைக்கும் போய், துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

“நான் வரல லூர்து. எனக்குச் சளி பிடிச்சிருக்கு.”

“போன்ல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?” என்றாள் செல்வி.

“பொய் சொன்னேன்.” துண்டுக்குள்ளிருந்து குரல் நசுங்கி வந்தது. லூர்து நிலையைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனாள், காலைத் தூக்கினாள். “நில்லு!” என்று கத்தினார், மேடைக் குரல், சந்து முழுக்க எதிரொலித்தது, கோழி பறந்தது. “வைக்காத. அந்தப் படியில நான் கையை ஊனுனேன். இருமிட்டு அதே கையை ஊனுனேன். செல்வி, தண்ணி எடு. லைசால் போட்டு ஊத்து.”

செல்வி அசையவில்லை. பெரிய வீட்டுப் படியின் கதையைத் தாலாட்டுக்குப் பதிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை. “அப்பா,” என்றாள். “துணியால துடைச்சா...”

“துடைச்சாப் போதாது. நான் தொட்ட இடம். ஊத்திக் கழுவும்மா.”

அவள் வாளியைக் கொண்டுவந்தாள். ஊற்றினாள். சளார் என்றது. மாணிக்கம் திரும்பி நடக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. தண்ணீர் படியில் விழுந்து உடைந்து, அவர் கை வைத்த ஓரத்தை நனைத்து, இரண்டு பக்கமும் ஓடி, சாக்கடையில் இறங்கிச் சத்தம் ஓயும்வரை கேட்டார், கடைசிச் சொட்டுவரை, முதல் தடவையாக. லூர்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீரை அல்ல. பிறகு தானே நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் காலை உயர்த்தி, ஈரப் படியைத் தாண்டினாள். உள்ளே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, திரும்பிப் பார்த்தாள்.

“கஞ்சி குடிச்சீகளா?”

“குடிச்சேன். கதவைச் சாத்து, தூசி வருது.”

“வரட்டும். கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன். அங்கேயே நில்லுங்க, அங்க நின்னா நல்லாத் தெரியுறீக.”

நின்றார். அவர் நின்ற நேரமெல்லாம் அவளும் பார்த்தாள். பிறகு அவரே மறுபடி, கெஞ்சலாக, கதவைச் சாத்தச் சொல்லு புள்ளே என்றார். செல்வி சாத்தினாள். கதவு படியில் வந்து முட்டி நின்றது. மாணிக்கம் சந்தில் குந்தி, தலையைச் சாய்த்துக் கதவின் அடியைப் பார்த்தார். உள்ளே விளக்கைப் போட்டுவிட்டார்கள், ஜன்னல் வலையில் வெளிச்சம் தெரிந்தது. கதவுக்கு அடியில் ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

“நல்லாப் பொருந்தியிருக்கு பாய்,” என்றார்.